ராஜூலா என்னும் கப்பல்

மரக்காணம் என்று சொன்னவுடனே உப்புத்தான் ஞாபகத்துக்கு வரும். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கடலோரச் சாலையில் பிரயாணம் செய்தவர்கள், அந்த ஊரை நெருங்கும்போது கண்ணாடியைச் சதுரம் சதுரமாக அறுத்துப் பரப்பி வைத்ததுபோல் உப்புப் பாத்திகள் பளபளப்பதையும், வரப்புகளின்மேல் வெள்ளை வெளேரென்று குவியல்கள் நிற்பதையும் பார்த்திருப்பார்கள். மழைக்காலம் வந்தால் கண்ணாடி கலங்கிவிடும். தை பிறந்து வெயில் ஏறத் தொடங்கினால் மறுபடியும் தெளியும். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தாலும், பாத்தியில் இறங்கி வெயிலில் உழைக்கிறவர்களுக்கு அதை நின்று பார்க்க நேரம் கிடையாது.

ஆனால் அந்த ஊரின் பெயரே கடலோடு சம்பந்தப்பட்டது என்று சிலர் சொல்லுகிறார்கள். மரக்கலம் என்ற சொல்லே மருவி மரக்காணம் ஆயிற்றாம். சொல்லாராய்ச்சியில் நமக்குப் பிடிவாதம் ஒன்றுமில்லை. ஆயினும், சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்றும், சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்ட கிரேக்கக் கடற்பிரயாண நூலில் வரும் 'சோபட்மா' என்னும் துறைமுகமும் இதுவே என்றும் ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். பிற்காலத்தில் வெட்டிய பக்கிங்ஹாம் கால்வாயின் தென்கோடியும் இந்தப் பக்கத்திலேதான் இருக்கிறது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அந்தக் கால்வாய் வழியே சென்னைக்குப் போயின. ஆகக்கூடி, மரக்கலங்கள் இந்தக் கரைக்குப் புதியவை அல்ல.

இன்று நாம் சொல்ல வந்த கப்பல் மரக்காணத்தில் நங்கூரம் போட்ட கப்பல் அல்ல. இந்தக் கரைக்கு அப்பால், ஆழ்கடல் வழியாக, சென்னையிலிருந்து நாகப்பட்டினத்துக்கும் அங்கிருந்து மலாய் நாட்டுக்கும் போய் வந்துகொண்டிருந்த கப்பல் அது. தென்னாற்காடு, வடாற்காடு, தஞ்சாவூர், திருச்சி, சேலம், ராமநாதபுரம் ஆகிய பழைய ஜில்லாக்களில் அதன் பெயரைக் கேள்விப்படாத ஊர் ஒரு காலத்தில் அபூர்வம். அதன் பெயர் ராஜூலா.

* * *

கப்பலிடம் மனிதர்கள் பிரியம் வைப்பது உலகத்தில் புதிய விஷயம் அல்ல. மோட்டாரையும் ரயிலையும் மனிதன் உபயோகிக்கிறான். கப்பலிலோ அவன் குடியிருக்கிறான். பத்து நாள் குடியிருந்த வீட்டை மறக்கலாம். பத்து நாள் குடியிருந்த கப்பலை மறக்க முடிவதில்லை.

'குவீன் மேரி' என்ற ஆங்கிலக் கப்பல் 1936-ல் அட்லாண்டிக் சமுத்திரத்தில் ஓடத் தொடங்கியது. 1967-ல் அது ஓய்வு பெற்றபோது அமெரிக்காவில் லாங் பீச் நகரத்தார் அதை விலைக்கு வாங்கித் தங்கள் துறைமுகத்தில் கட்டிவைத்தார்கள். ஜனங்கள் இன்றும் டிக்கட் வாங்கிக்கொண்டு போய் அதைப் பார்க்கிறார்கள். 'யுனைட்டட் ஸ்டேட்ஸ்' என்ற அமெரிக்கக் கப்பல் 1952-ல் தன் முதல் பிரயாணத்திலேயே அட்லாண்டிக்கைக் கடப்பதில் வேகத்துக்குப் பெயர் வாங்கியது. 1969-ல் அது நின்றுவிட்டது. அதன் அபிமானிகள் சங்கம் வைத்து, பணம் திரட்டி, அதை உடைக்க விடாமல் பல வருஷ காலம் காப்பாற்றினார்கள். கடைசியில் துறைமுக வாடகை விவகாரத்தில் அவர்கள் கை ஓய்ந்துபோயிற்று. 2025 பிப்ரவரியில், கடலடியில் மூழ்க வைத்து மீன்களுக்கு உறைவிடமாக்குவதற்கென்று அந்தக் கப்பல் பிலடெல்பியாவிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டது. அன்று கரையில் நின்று பார்த்தவர்களில் கண் கலங்காதவர்கள் குறைவாகவே இருந்திருப்பார்கள்.

"தமிழனுக்கு இப்படி ஒரு கப்பல் உண்டா?" என்று யாராவது கேட்டால், உண்டு என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் அதைக் காட்டச் சொன்னால் காட்ட முடியாது. உடைத்து இரும்பாக விற்றுப் பல காலம் ஆகிவிட்டது.

* * *

ராஜூலா 1926-ல் ஸ்காத்லாந்தில் கிளாஸ்கோ நகரில் பார்க்லே கர்ல் என்ற கம்பெனியாரால் கட்டப்பட்டது. கட்டச் சொன்னவர்கள் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியார், சுருக்கமாகப் பி. ஐ. கம்பெனி. கறுத்த புகைபோக்கியில் இரண்டு வெள்ளைக் கோடுகள் போட்டிருப்பது அவர்களுடைய அடையாளம். தங்கள் கப்பல்களுக்கு இந்திய ஊர்ப் பெயர்களைத் தேடிப் பிடித்து, 'ஆ' என்று முடியும்படி வைப்பது அவர்கள் வழக்கம். கத்தியவாரில் ராஜூலா என்று ஓர் ஊர் இருக்கிறது. அந்தப் பெயர் கடைசியில் தமிழர் வாயில் நிலைத்தது. கத்தியவாரைப் படத்திலும் பார்த்திராத பாட்டிமார்கள், "ராஜூலாவில் வந்தோம்" என்று தங்கள் பிறந்த ஊரைச் சொல்லுவதுபோல் சொல்லியிருக்கிறார்கள்.

கப்பலின் அளவு சுமார் 8,500 டன். உலகத்துப் பெரிய கப்பல்களின் வரிசையில் இதற்கு இடமில்லை. 'குவீன் மேரி'யின் அளவு ஏறக்குறைய 81,000 டன். அதாவது ராஜூலாவைப் போல் ஒன்பது கப்பலைச் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 'குவீன் மேரி' சமாதான காலத்தில் ஏற்றிச் சென்ற பிரயாணிகள் சுமார் 2,100 பேர். ராஜூலாவுக்கோ ஆரம்ப காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மேல்தட்டுப் பிரயாணிகளை ஏற்றிக்கொள்ள அனுமதி இருந்தது. சாதாரணப் பிரயாணத்தில் இவ்வளவு பேரை ஏற்ற அனுமதி பெற்ற கப்பல்கள் உலகத்திலேயே மிகச் சில.

இதைப் பெருமையாகச் சொல்லுவதா, கேவலமாகச் சொல்லுவதா என்று நேயர்கள் கேட்கலாம். இரண்டுமாகத்தான் சொல்ல வேண்டும். அறையில் படுத்துப் போகும் துரைமாரும் தனவந்தரும் சில பேர். அவர்களுக்கு மேஜை, நாற்காலி, மணியடித்தால் ஓடி வரும் வேலைக்காரர்கள். மற்ற ஆயிரக் கணக்கானவர்களுக்குப் பாய் விரிக்கும் இடம் எவ்வளவோ அவ்வளவுதான் வீடு. 'குவீன் மேரி'யின் விசாலத்தையும் ராஜூலாவின் நெருக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சாம்ராஜ்யம் என்றால் என்ன என்பதைப் புத்தகம் இல்லாமலே தெரிந்துகொள்ளலாம்.

* * *

சென்னையில் ஏறியவர்கள் அதிர்ஷ்டசாலிகள். அங்கே கப்பல் துறைமுகத்துக்குள் வந்து நிற்கும். நாகப்பட்டினத்தில் அந்த வசதி கிடையாது. கப்பல் திறந்த கடலில் தூரத்தில் நிற்கும். பிரயாணிகள் படகில் ஏறி, அலையில் ஊஞ்சலாடி, கப்பலின் பக்கத்தில் போய்ச் சேர்ந்து, தொங்கும் படிக்கட்டில் கால் வைக்க வேண்டும். இடுப்பில் குழந்தை, கையில் மூட்டை, கண்ணில் கரையிலே நிற்கிறவர்களைப் பார்த்த கண்ணீர். இத்தனையையும் வைத்துக்கொண்டு அந்தப் படியில் ஏறிய ஸ்திரீகளின் தைரியத்துக்கு எந்த மாலுமியின் தைரியமும் ஈடாகாது.

கப்பலில் கால் வைத்ததும் முதல் காரியம் இடம் பிடிப்பது. ரயிலில் இடம் பிடிப்பதில் நம்மவர்களுக்கு உள்ள திறமை உலகப் பிரசித்தம். அது கடலிலும் குறையவில்லை. எந்திரத்தின் சூடு தட்டாத இடம், மழைச் சாரல் படாத இடம், தண்ணீர்க் குழாய்க்கு அருகான இடம் என்று முன்பே போய் வந்தவர்கள் அறிந்திருப்பார்கள். பாயை விரித்துத் தகரப் பெட்டியை எல்லைக் கல்லாக நட்டுவிட்டால் சாம்ராஜ்யம் ஸ்தாபிதமாகிவிட்டது. ஒரு புடவையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் அந்தப்புரமும் ஆயிற்று. முதல் நாள் எல்லையைப் பற்றிச் சண்டை நடக்கும். இரண்டாம் நாள் கடல் மயக்கம் வந்து சண்டைக்காரர்கள் இருவரையும் படுக்க வைத்துவிடும். மூன்றாம் நாள் ஒருவருடைய எலுமிச்சங்காய் ஊறுகாயும் மற்றவருடைய சுக்கும் கை மாறும். நாலாம் நாள் இரு குடும்பமும் உறவாகியிருக்கும். "என்ன மாமா, பினாங்கில் இறங்குகிறீர்களா?" "இல்லை தம்பி, கிள்ளான் பக்கம் தோட்டம். நம் ஊர்ப் பிள்ளைகள் யாராவது அங்கே இருக்கிறார்களா, பார்த்துச் சொல்லு." இப்படி ஆரம்பித்த பேச்சு எத்தனையோ கல்யாணங்களில் போய் முடிந்திருக்கிறது.

கடல் கடந்தால் ஜாதி கெட்டுவிடும் என்று சாஸ்திரம் பேசிய நாடு இது. கரையிலே அந்தச் சாஸ்திரம் எப்படியிருந்ததோ, ஆயிரக் கணக்கானவர்கள் தோளோடு தோள் இடித்துப் படுத்துக்கொள்ளும் தளத்தில் அதற்குப் பாய் விரிக்க இடம் கிடைக்கவில்லை. ஒருவர் தலைமாட்டில் இன்னொருவர் காலை நீட்டித்தான் ஆக வேண்டும். ஹிந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சமையல் வேறு வேறாக இருந்திருக்கலாம். வாந்தி வந்தபோது தலையைப் பிடித்துக்கொண்ட கை எந்த மதத்தின் கை என்று யாரும் விசாரிக்கவில்லை.

பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று வரிசையாகத் துறைமுகங்கள் வரும். போர்ட் ஸ்வெட்டன்ஹாமுக்கு இப்போது கிள்ளான் துறைமுகம் என்று பெயர். வியாதி பரவக் கூடாது என்று தோட்டத் தொழிலாளிகளைத் தனியிடங்களில் நிறுத்தி வைத்துத்தான் உள்ளே விடுவார்கள். பினாங்குக்கு எதிரிலுள்ள ஜெரெஜாக் தீவு அப்படிப்பட்ட இடங்களில் ஒன்று. ஊரை விட்டுக் கிளம்பியபோது கங்காணி சொன்ன சொர்க்கத்துக்கும், அங்கே கண்ட முள்வேலிக்கும் இருந்த வித்தியாசத்தைக் கண்டு எத்தனை பேர் திகைத்தார்களோ! ஆகவே ராஜூலாவின் கதையை வெறும் உல்லாசப் பிரயாணக் கதையாகச் சொல்லிவிட நமக்கு மனம் வரவில்லை. அந்தக் கப்பலில் போனவர்களில் பலர் ஆசைப்பட்டுப் போகவில்லை, வயிற்றுக்காகப் போனார்கள்.

* * *

இந்த இடத்தில் நம் நண்பர் ஒருவர் குறுக்கிடுகிறார். தேசபக்தியில் அவர் கொஞ்சம் கறாரான மனிதர்.

"ஐயா, நீர் யாருடைய கப்பலுக்கு இப்படி உருகுகிறீர் என்று தெரிந்துதான் எழுதுகிறீரா? வ. உ. சிதம்பரம் பிள்ளையின் கப்பல் கம்பெனியை எதிர்த்துப் போட்டியிட்டு நசுக்கிய கம்பெனி எது? அதே பி. ஐ. கம்பெனிதானே?"

நண்பர் கேட்பது நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

1906-ல் தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் பத்து லட்சம் ரூபாய்; பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்கள் வாங்கப்பட்டுத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. பி. ஐ. கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்தார்கள். சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. கடைசியில், கட்டணமே வேண்டாம், ஏறுகிறவர்களுக்குக் குடையும் இனாம் என்று வெள்ளைக்காரக் கம்பெனி ஆசை காட்டிற்று என்பார்கள். 1908 மார்ச்சில் பிள்ளை கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்கள். பிறகு அப்பீலில் அது குறைக்கப்பட்டது. கோயமுத்தூர்ச் சிறையில் அவர் செக்கிழுத்தார். கப்பலை ஓட்டிய கை செக்கை இழுத்துக்கொண்டிருந்த காலத்திலே கம்பெனி தள்ளாடி, 1911-ல் கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் விடுதலையாகி வெளியே வந்தபோது கடலில் அவருடைய கொடி இல்லை.

இதற்குப் பதினைந்து வருஷம் கழித்துத்தான் ராஜூலா நம் கடலுக்கு வந்தது. போட்டியில்லாத கடலில், கேட்ட கூலியை வாங்கிக்கொண்டு, ஐயாயிரம் பேரை அடுக்கி ஏற்றிக்கொண்டு ஓடியது. அந்த லாபத்தில் நம்மவருக்குப் பங்கில்லை. சுதேசிக் கம்பெனி பிழைத்திருந்தால், அந்த ஐயாயிரம் பேரும் நம் கப்பலிலே போயிருப்பார்கள். பாய்க்கு இன்னும் ஒரு சாண் இடம் கிடைத்திருந்தாலும் கிடைத்திருக்கும். இதையெல்லாம் மறந்துவிட்டு ராஜூலாவின் புகைபோக்கியை மட்டும் புகழ்ந்தால், நண்பர் கோபிப்பது சரியே.

ஆனால் கப்பல் யாருடையது என்ற கேள்விக்கு விடை ஒன்றுதானா? இரும்பும் எந்திரமும் லண்டனிலுள்ள பங்குதாரர்களுடையவை, சந்தேகமில்லை. தளத்தில் விரித்த பாயும், அதன்மேல் பேசிய பேச்சும், கரை மறைந்தபோது விட்ட கண்ணீரும், கரை தெரிந்தபோது எழுந்த கூச்சலும் யாருடையவை? பங்குதாரர்களில் எத்தனை பேர் ராஜூலாவைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? இந்த வெண்ணெய்க்குக் கடைந்தவர்கள் நாம். ராஜூலாவிடம் நமக்குள்ள அபிமானம் கம்பெனியிடம் உள்ள அபிமானம் அல்ல. நம் தாய் தந்தையர் பட்ட பாட்டிடம் உள்ள அபிமானம். வெள்ளைக்காரன் போட்ட ரயில் பாதையில்தான் காந்தியடிகளும் பிரயாணம் செய்தார். அதனால் அந்த யாத்திரை அவனுடையதாகிவிடவில்லை.

* * *

ராஜூலாவின் நாற்பத்தெட்டு வருஷத்தைக் கூர்ந்து பார்த்தால் மலாய் நாட்டுத் தமிழரின் சரித்திரம் முழுவதும் அதற்குள் அடங்கியிருப்பது தெரியும்.

1930-ல் ரப்பர் விலை சரிந்தது. தோட்டங்களில் வேலை போயிற்று. அடுத்த இரண்டு வருஷங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் தாய்நாட்டுக்குத் திருப்பியனுப்பப்பட்டார்கள். பாலும் தேனும் ஓடும் நாடு என்று நம்பிப் போனவர்கள் வெறுங்கையோடு கப்பலில் திரும்பினார்கள். அவர்கள் நாகப்பட்டினத்தில் இறங்கிய அதே 1930-ல், தெற்கே வேதாரண்யத்தில் ராஜாஜி தொண்டர்களுடன் உப்பு அள்ளிச் சிறை புகுந்தார். ஒரே கடற்கரையில், ஒரே வருஷத்தில், ஒரே சாம்ராஜ்யத்தின் இரண்டு முகங்கள்!

1936 இறுதியில் ஸ்ரீநிவாச சாஸ்திரியார் மலாய் நாட்டுக்குப் போய்த் தொழிலாளிகளின் நிலையை ஆராய்ந்தார். 1938-ல் இந்திய சர்க்கார், கூலி வேலைக்கு ஆள் கட்டி அனுப்பும் முறைக்குத் தடை போட்டார்கள். அதன் பிறகும் சொந்தச் செலவில் போகிறவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். வியாபாரிகள், குமாஸ்தாக்கள், வாத்தியார்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லாரும் அதே தளத்தில் ஏறினார்கள். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளும் கப்பல் தபாலில்தான் மலாய் நாட்டுக்குப் போயின. இங்கே தொடர்கதையில் கதாநாயகி கிணற்றில் விழுந்தால், அவள் பிழைத்தாளா என்பது அங்கே தெரிவதற்குக் கப்பல் வர வேண்டும்!

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாய் நாட்டில் இறங்கினார்கள். கப்பல் நின்றது, கடிதம் நின்றது. மூன்றரை வருஷ காலம் அந்தக் கரையிலிருந்தவர்கள் உயிரோடிருக்கிறார்களா என்று இந்தக் கரைக்குத் தெரியவில்லை. சயாம் மரண ரயில் பாதையில் ஆயிரமாயிரம் தமிழ்த் தொழிலாளிகள் மாண்ட செய்தி பின்னால்தான் தெரிந்தது. ராஜூலா அந்தச் சமயம் யுத்த சேவையில் துருப்புகளை ஏற்றிக்கொண்டிருந்தது.

ராஜூலாவுக்கு ஒரு சகோதரி உண்டு. 'ரோனா' என்று பெயர். அதுவும் 1926-ல் இதே மார்க்கத்துக்கென்று கட்டப்பட்டது; நாகப்பட்டினத்தார் நன்றாக அறிந்த கப்பல். 1943 நவம்பர் 26-ஆம் தேதி, அல்ஜீரியாக் கரைக்கு அப்பால், ஜெர்மானிய விமானம் ஒன்று விட்ட வழிகாட்டும் குண்டு அதைத் தாக்கிற்று. கப்பலிலிருந்த அமெரிக்கத் துருப்புகளில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். இந்திய மாலுமிகளும் பலர் மாண்டார்கள். குண்டு புது விதமானதால் அந்தச் செய்தியை வெகு காலம் வெளியே விடவில்லை. பிழைத்தவர்களும் இறந்தவர்களின் உறவினர்களும் அமெரிக்காவில் ஒரு சங்கமாகச் சேர்ந்து, அலபாமா மாகாணத்தில் ரோனாவுக்கு நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். அங்கே போய் வணங்குகிறவர்கள், அந்தக் கப்பல் ஒரு காலத்தில் தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களை ஏற்றிச் சென்றது என்பதை அறிவார்களோ, என்னவோ!

யுத்தம் முடிந்தது. ராஜூலா மீண்டும் பழைய வழிக்கு வந்தது. இந்தியா சுதந்திரம் அடைந்தது. மலாயாவும் 1957-ல் அடைந்தது. தளத்துப் பிரயாணிகளின் தொகை குறைந்தது. வசதிகள் கொஞ்சம் பெருகின. திரும்பி வருகிறவர்களின் பெட்டியில் கைலியும், டார்ச் விளக்கும், பிஸ்கட் டின்னும், கோடாலித் தைலமும் இருக்கும். தலைவலிக்கும் சளிக்கும் மட்டுமல்லாமல், ஊரார் மத்தியில் அந்தஸ்துக்கும் அந்தத் தைலம் கைகண்ட மருந்தாயிருந்தது.

கடைசி அத்தியாயம் சந்தோஷமானதல்ல. 1969-க்குப் பின் மலேஷியாவில் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்று கண்டிப்பு ஏற்பட்டது. சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ராணுவத் தளங்கள் மூடப்பட்டன. அங்கேயே பிறந்த பிள்ளைகளையும், தாங்கள் வெட்டி வளர்த்த மரங்களையும் விட்டுவிட்டு, பல்லாயிரம் முதியவர்கள் திரும்பி வந்தார்கள். வாலிபத்தில் ராஜூலாவில் ஏறிப் போனவர்களில் பலரை வயோதிகத்தில் கொண்டுவந்து சேர்த்ததும் ராஜூலாதான். போனபோது அழுதது தாய். வந்தபோது அழுதது மகன்.

* * *

1973-ல் இந்திய சர்க்காரைச் சேர்ந்த ஷிப்பிங் கார்ப்பரேஷன் ராஜூலாவை விலைக்கு வாங்கிற்று. 'ரங்கத்' என்று அந்தமானிலுள்ள ஓர் ஊரின் பெயரைச் சூட்டினார்கள். கிழவிக்குப் புதுப் பெயர் வைத்தால் ஆயுள் கூடிவிடுமா? அடுத்த வருஷமே பம்பாயில் உடைத்துவிட்டார்கள். ஆகவே, கடைசி ஒரு வருஷ காலம் அந்தக் கப்பல் சட்டப்படியும் நம்முடையதாயிருந்தது என்று நம் நண்பருக்குச் சொல்லிக்கொள்கிறோம்.

அதன் இடத்துக்கு வந்த கப்பலின் பெயரைக் கேட்டால் நண்பரின் மனம் குளிரும்: 'சிதம்பரம்'. பிரெஞ்சுக்காரர்கள் 1966-ல் 'பாஸ்டர்' என்ற பெயரில் ஓட்டிய பெரிய கப்பல். சுமார் 18,000 டன். அதே ஷிப்பிங் கார்ப்பரேஷன் அதை வாங்கிச் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் மார்க்கத்தில் விட்டது. சிதம்பரம் என்ற பெயர் கொண்ட கப்பல் தமிழ்நாட்டுத் துறைமுகத்தில், சுதந்திர இந்தியாவின் கொடியோடு நின்றபோது, தூத்துக்குடிப் பிள்ளையை நினைக்காத தமிழர் இருந்திருக்க முடியாது. ஆனால் அந்த மகிழ்ச்சியும் நீடிக்கவில்லை. 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வரும் வழியில் கப்பலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்தார்கள். கப்பல் அதன் பிறகு பிரயாணிகளை ஏற்றவில்லை. விமானத்தில் நாலு மணி நேரத்தில் போகலாம் என்றாகிவிட்ட பிறகு, வேறொரு கப்பல் விடுவதற்கும் யாரும் முனையவில்லை. தலைமுறை தலைமுறையாக இருந்த கடல் வழி அத்துடன் மூடிக்கொண்டது.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குப் பிரயாணிகள் கப்பல் தொடங்கியபோது, கரையில் கூடி நின்ற கூட்டத்தின் உற்சாகத்துக்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கும். சில மணி நேரத்துப் பிரயாணந்தான். ஆனாலும், நாகப்பட்டினத்தில் மனிதர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறுவதைப் பார்த்த கிழவர்களுக்கு வேறொரு கப்பல் கண் முன்னே வந்திருக்கும்.

* * *

ராஜூலாவின் அபிமானிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் இரு வகை உண்டு. கப்பல்களின் ஜாதகம் கணிக்கும் மேல்நாட்டு நிபுணர்கள் ஒரு வகை. புகைபோக்கியின் உயரம், எந்திரத்தின் சக்தி, எந்த வருஷம் எந்த வர்ணம் பூசினார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அவர்களுக்கு நாம் நன்றி பாராட்ட வேண்டும். படங்களையும் அளவுகளையும் காப்பாற்றி வைத்திருப்பவர்களில் அவர்கள் முக்கியமானவர்கள்.

மற்றொரு வகை, தளத்தில் பாய் விரித்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். பினாங்கிலும், ஈப்போவிலும், சிங்கப்பூரிலும், இங்கே நாகூரிலும், மன்னார்குடியிலும், தேவகோட்டையிலும் இருக்கிறார்கள். கப்பல் எத்தனை டன் என்று கேட்டால் விழிப்பார்கள். ஆனால் எண்ணெய்ப் புகையும் வெங்காய மூட்டையும் கலந்த வாசனை எப்படியிருந்தது, இரவில் யார் பாடினார்கள், விடியற்காலையில் பினாங்கு மலை தெரிந்ததும் கப்பலின் எந்தப் பக்கம் எல்லாரும் ஓடினார்கள் என்று கேட்டால் ஒரு பகல் முழுவதும் சொல்லுவார்கள். நம் வருத்தமெல்லாம் இதுதான்: முதல் வகையினர் தங்களுக்குத் தெரிந்ததை எழுதி வைத்துவிட்டார்கள், இரண்டாம் வகையினரில் பெரும்பாலோர் எழுதி வைக்கவில்லை. ராஜூலாவில் பத்து வயதுக் குழந்தையாகக் கடைசிப் பிரயாணம் செய்தவர்களுக்கே இப்போது அறுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. வாலிபராய்ப் போனவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

லாங் பீச்சில் செய்ததுபோல் நம்மால் கப்பலைக் கட்டி வைக்க முடியாது. அது உருகி இரும்பாகி, எந்தக் கட்டடத்துக்குள் கம்பியாக நிற்கிறதோ தெரியாது. சங்கம் வைத்துச் சந்தா வசூலிக்கும்படியும் நாம் சொல்லவில்லை. நம்முடைய யோசனை மிகச் சிறியது, தம்படிச் செலவில்லாதது. உங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கலாம். அதன் மூடியில் வெள்ளை வர்ணத்தில் ஒரு பெயரும் 'பினாங்கு' என்ற ஊரும் எழுதியிருக்கலாம். உள்ளே பழைய பாஸ்போர்ட், டிக்கட், மணியார்டர் ரசீது, மங்கிப்போன ஒரு போட்டோ இருக்கலாம். பழைய இரும்புக்காரனிடம் போடுவதற்கு முன்னால் அதைத் திறந்து பாருங்கள். வீட்டிலே பெரியவர்கள் இருந்தால் போட்டோவைக் காட்டி, இதில் இருப்பவர் யார், எந்த வருஷம், எந்தத் தோட்டம் என்று கேட்டுப் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். தமிழில் எழுதினால் போதும். பேனாவால் எழுதாமல் பென்ஸிலால் எழுதுங்கள், மை ஊறிப் படம் கெடாது.

கேட்கும்போது ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். "கப்பலில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று ஆரம்பியுங்கள். "என்ன கஷ்டப்பட்டீர்கள்?" என்று ஆரம்பித்தால், "என்னத்தைச் சொல்ல!" என்று பெருமூச்சு விட்டுப் பேச்சை முடித்துவிடுவார்கள். சாப்பாட்டில் ஆரம்பித்தால், மற்றதெல்லாம் தானே வரும்.